ஸ்கேன் செய்து வாங்கும் ஜிர்கோனியா கிரவுன்: 37, 47-ல் மட்டும் டிஸ்டல் மார்ஜின் திறப்பு, பைட் உயரம். தப்பு எந்தக் கட்டத்தில்?

மோலார்47 கேட்டது:

இன்ட்ராஓரல் ஸ்கேனரில் (வாய்க்குள் வைத்து எடுக்கும் ஸ்கேனர்) எடுக்கும் ஒற்றைக் கிரவுன்களில் பிரீமோலார், 36, 46 (கீழ் முதல் கடவாய்ப் பற்கள்) எல்லாம் பெரிய திருத்தம் இல்லாமல் உட்கார்ந்துவிடுகின்றன. கீழ் இரண்டாம் கடவாய்ப் பல் (37, 47) வந்தால்தான் தகராறு. மூன்று குறைகள் சேர்ந்தே வருகின்றன. டிஸ்டோ-லிங்குவல் (டிஸ்டல்: பின்பக்கம், லிங்குவல்: நாக்குப் பக்கம்) மூலையில் எக்ஸ்ப்ளோரர் (கூர்நுனிச் சோதனைக் கருவி) மாட்டுகிறது. மீசியல் (முன்பக்க) காண்டாக்டில், அதாவது பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்தில், ஃப்ளாஸ் இறங்க மறுக்கிறது. பைட் பேப்பர் (கடி பதியும் தாள்) வைத்தால் அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு அடிக்கிறது. திரையில் பார்த்தால் ஸ்கேனில் ஓட்டை எதுவும் இல்லை.

விவரம்: சாம்ஃபர் (வளைவாகச் செதுக்கிய) மார்ஜின் (கிரவுன் முடியும் விளிம்பு) 0.8 மி.மீ., மேல்பரப்பில் 1.5 மி.மீ. குறைப்பு. மார்ஜின் ஈறு மட்டத்தில், டிஸ்டோ-லிங்குவலில் மட்டும் அரை மி.மீ. கீழே. ஒரே ஒரு 00 கார்டு (ஈறை ஒதுக்கும் நூல்; 00 அதன் அளவு). பிரெப் (கிரவுனுக்காகப் பல்லைச் செதுக்குவது) முடித்த பிறகு அந்தப் பக்கத்து கீழ் பல்வரிசை, எதிர் வரிசை, கடைசியாக ஒரு பக்க பைட். லேபுக்கு எஸ்டிஎல் (முப்பரிமாண வடிவக்) கோப்பு போகிறது, மாடல் கிடையாது. டிசைன் எக்ஸோகேட் மென்பொருளில், சிமென்ட் கேப் (சிமென்டுக்கு விடும் இடைவெளி) 0.05 மி.மீ. கிரவுன் வர ஒரு வாரம், அதுவரை தற்காலிக கிரவுன்.

ஸ்கேன், டிசைன், மில்லிங் இந்த மூன்றில் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? இந்தப் பல்லுக்கு மட்டும் புட்டிக்கே (சிலிக்கான் அச்சு எடுக்கும் பழைய முறை) திரும்பிவிடலாமா?

மார்ஜின்_லைன்:

மூன்று குறைகளையும் ஒரே காரணத்தில் கட்டிவிடாதீர்கள் டாக்டர். கிரவுன் முழுக்க இறங்கியும் மார்ஜின் திறந்திருக்கிறதா, இறங்காமலே நிற்கிறதா என்பதை முதலில் பிரிக்க வேண்டும்.

37-க்குப் பின்னால் பல் இல்லை, ஆகவே காண்டாக்ட் இறுக்கம் மீசியலில் மட்டும்தான் வரும். அந்த இறுக்கம் கிரவுனைத் தடுத்தால் மீசியல் பக்கம் தூக்கி நிற்கும், திறப்பும் முதலில் மீசியலில்தான் தெரியும். உங்களுக்குத் திறப்பது எதிர்மூலை. அதனால் காண்டாக்ட் ஒரு பிரச்சினை, டிஸ்டோ-லிங்குவல் மார்ஜின் தனிப் பிரச்சினை என்றுதான் எனக்குப் படுகிறது. உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. முதலில் 40 மைக்ரான் பேப்பரை காண்டாக்டில் வைத்து, பட்ட இடத்தை மட்டும் நைஸ் டயமண்டில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஃப்ளாஸ் 'டக்'கென்று இறங்கும் வரை கொண்டுவாருங்கள். பிறகு கிரவுனுக்குள் ஃபிட் செக்கர் சிலிக்கான் விட்டு விரலால் அழுத்தி இறுக விட்டு எடுங்கள். சிலிக்கான் கிழிந்து ஜிர்கோனியா வெளியே தெரியும் இடம்தான் கிரவுன் மாட்டி நிற்கும் இடம். உள்ளே எங்கும் சீராக மெல்லிசாக இருந்து, டிஸ்டோ-லிங்குவல் விளிம்பில் மட்டும் தடிப்பாக இருந்தால், கிரவுன் சரியாகத்தான் இறங்கியிருக்கிறது, அந்த இடத்து மார்ஜினை ஸ்கேனர் பார்க்கவே இல்லை.

திரையில் ஓட்டை இல்லை என்பதை நம்பாதீர்கள். சின்ன ஓட்டைகளை மென்பொருள் தானே இட்டு நிரப்பி வழவழப்பாக்கிவிடும். கலரை அணைத்துவிட்டு முக்கோண வலையை மட்டும் காட்டச் சொல்லுங்கள். மார்ஜின் ஓரத்தில் முக்கோணங்கள் சின்னதாக, நெருக்கமாக இருந்தால் உண்மையான தகவல். அதே ஓரத்தில் திடீரென்று பெரிதாக, நீளமாக இழுபட்ட முக்கோணங்கள் வந்தால் அது கற்பனை. நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே இதைப் பார்த்துவிடலாம். புட்டியில் ஸ்டோன் (மாடலுக்கான ஜிப்சம்) ஊற்றின பிறகுதான் தெரியும்.

ஏன் அந்த மூலை? சிலிக்கான் தன் அழுத்தத்தால் ஈறை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போகும். வெளிச்சம் எதையும் ஒதுக்காது. நேர்ப்பார்வைக்குத் தெரியாத மார்ஜின் ஸ்கேனுக்கும் தெரியாது. அரை மி.மீ. கீழே இருக்கும் மார்ஜினுக்கு ஒற்றை 00 போதாது. 000 அல்லது 00 ஒன்று அடியில் வைத்து அது அங்கேயே இருக்கட்டும், மேலே 0 அல்லது 1 வைத்து நாலைந்து நிமிடம் விடுங்கள். மேல் கார்டை எடுத்ததும் ஸ்கேன். அரை நிமிடத்திலேயே ஈறு திரும்பி மூடத் தொடங்கிவிடும்.

அந்த அரை நிமிடத்தில் முழு வரிசையையும் எடுக்க முடியாது. ஆகவே வரிசையை மாற்றுங்கள்: மரப்பு ஊசி போடுவதற்கு முன்பே கீழ் வரிசை, எதிர் வரிசை, பைட் மூன்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். பிரெப் முடிந்ததும் அந்தப் பல்லையும் சுற்றி ஓரிரு மி.மீ. ஈறையும் மட்டும் கோப்பில் வெட்டி எடுத்துவிட்டு, கார்டு எடுத்த கையோடு அந்தப் பகுதியை மட்டும் திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: 36-ன் டிஸ்டல் பக்கத்தை டிஸ்க் போட்டோ பாலிஷ் செய்தோ தொட்டிருந்தால் அதையும் வெட்டி எடுத்துத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டும். பழைய பரப்பு அப்படியே கோப்பில் நின்றால் காண்டாக்ட் தவறாகத்தான் வரும்.

ஈரமும் ஒரு காரணம். டிஸ்டோ-லிங்குவல்தான் எச்சில் தேங்கும் குழி. தேங்கிய நீரின் மேல்பரப்பையே ஸ்கேனர் பல் என்று எடுத்துக்கொள்ளும், சாம்ஃபர் உருண்டு மழுங்கித் தெரியும். 25% அலுமினியம் குளோரைடு ஜெல் போட்டால் நன்றாகக் கழுவி, காற்றால் உலர்த்திவிட்டு எடுங்கள். ஃபெரிக் சல்ஃபேட் ரத்தத்தை நிறுத்தும், ஆனால் கருப்புப் படிவு மார்ஜின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். தேய்த்துக் கழுவாமல் ஸ்கேன் எடுத்தால் அந்தப் படிவுக்கும் சேர்த்துத்தான் கிரவுன் வரும்.

கை நிலை: கீழ்ப் பல்லின் டிஸ்டல் முகத்தைப் பார்க்க, ஸ்கேனரின் கைப்பிடியை மேலே தூக்கி நுனியைப் பல்லுக்குப் பின்னால் தாழ்த்த வேண்டும். மேல் முன்பற்கள் தடுப்பதால் பலரும் கிடைமட்டமாகவே எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். சின்ன நுனி இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். நாக்கை முகக்கண்ணாடியால் ஒதுக்க உதவியாளர் அவசியம்.

கேட்கேம்_பெஞ்ச்:

லேப் பக்கத்தில இருந்து சில விஷயம் டாக்டர்.

எஸ்டிஎல்ல கலர் வராது. ஈறு எது, பல் எது, ரத்தம் எதுன்னு சாம்பல் கலர் உருண்டையில நாங்க ஊகிச்சுத்தான் மார்ஜின் கோடு போடணும். பிஎல்ஒய் அனுப்புங்க, கலர் வரும். அதைவிட நல்லது, மார்ஜின் கோட்டை நீங்களே உங்க மென்பொருள்ல வரைஞ்சு அனுப்புறது. வாயைப் பார்த்தவர் நீங்கதான். இன்னொண்ணு, எஸ்டிஎல்ல அளவு அலகு கிடையாது. மி.மீ.யா இஞ்சான்னு திறக்கிற மென்பொருள் முடிவு பண்ணும். அது தப்பினா கிரவுன் 25.4 மடங்குல வந்து நிக்கும், அதை யாரும் கவனிக்காம விடமாட்டாங்க. ஆனா வழில யாராவது கோப்பைத் திறந்து 'ஸ்மூத்' பண்ணி, சைஸ் குறைச்சு அனுப்பினா அது கண்ணுக்குத் தெரியாது, மார்ஜின் மட்டும் மழுங்கியிருக்கும். அதனால ஸ்கேன் கோப்பை எதுவும் பண்ணாம அப்படியே அனுப்புங்க.

சிமென்ட் கேப் 0.05 பரவாயில்ல. அது எங்கிருந்து தொடங்குதுன்னு உங்க லேப்ல கேளுங்க. மார்ஜின்ல இருந்து 1 மி.மீ. உள்ளே தள்ளித் தொடங்கணும். மார்ஜின் ஓரமே 0.05 விட்டா சிமென்ட் கோடு தெரியும், எல்லா இடத்துலயும் 0.02 விட்டா கிரவுன் இறங்காது.

பிரெப்ல கூர்மையான முனைகள் இருந்தா பெரிய தொல்லை. உள்பக்கம் குடையுற பர் 1 மி.மீ.ன்னா, அரை மி.மீ. ஆரத்துக்குக் குறைவான முனையை அது குடைய முடியாது. எக்ஸோகேட்ல பர் ஆரத்துக்கான ஈடு போட்டிருந்தா அந்த இடத்துல அதிகமாக் குடைஞ்சு உள்ளே தொளதொளன்னு ஆகும். போடலைன்னா அந்த முனைலயே கிரவுன் மாட்டி நிக்கும், சுத்தி எல்லா மார்ஜினும் திறக்கும், பைட்டும் உயரும். மேல சொன்ன சிலிக்கான் சோதனைல உள்மூலைல ஓட்டை விழுந்தா இதுதான். லைன் ஆங்கிள் (பல்லின் இரண்டு முகம் சேருற ஓரம்) எல்லாம் உருட்டி விடுங்க.

ஜிர்கோனியா சிண்டரிங்ல (உலையில சுட்டு இறுக்குறது) 20%க்கு மேல சுருங்கும். ஒவ்வொரு டிஸ்க்லயும் அதுக்கான பெருக்கு எண் அச்சடிச்சிருக்கும். 1.234ன்னு இருக்கிற டிஸ்க்குக்கு 1.220ன்னு போட்டா கிரவுன் 1.1% சின்னதாகும். 10 மி.மீ. அகலப் பல்லுல அது 0.11 மி.மீ. சுத்தி சமமா இறுகி, எங்கயும் இறங்காது. உங்களுக்கு 36 நல்லா உட்காருது, 37 மட்டும்தான் உட்காரலைங்கிறதால இது காரணமா இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே டிஸ்க்ல வெட்டினது எல்லாம் கெட்டா மட்டும் இங்க சந்தேகப்படுங்க.

காண்டாக்ட் இறுக்கத்துக்கு எங்க பக்கம் ஒரு காரணம் உண்டு. டிசைன்ல சரியா இருந்தும், கிளேஸ் (பளபளப்புப் பூச்சு) அடிக்கும்போது காண்டாக்ட் மேலயும் அடிச்சா சில பத்து மைக்ரான் ஏறிடும். மாடல் இல்லாம செய்யுறப்ப அதைச் சரிபார்க்க வழியில்ல. காண்டாக்ட் இடத்துல கிளேஸ் வேண்டாம், பாலிஷ் மட்டும் பண்ணுங்கன்னு லேப் ஷீட்ல எழுதிடுங்க. பிரிண்ட் மாடல் கேக்கலாம், ஆனா ரெசின் மாடலும் சுருங்கும். பழைய ஸ்டோன் டை (ஒற்றைப் பல் மாடல்) மாதிரி அதைக் கண்ணை மூடி நம்பக் கூடாது.

பைட்_பேப்பர்:

பைட் உயரத்தைப் பற்றி யாரும் தனியாகச் சொல்லவில்லை.

37 தயாரித்த பிறகு பைட் ஸ்கேன் எடுத்தால், மேல்-கீழ் தொடும் இடங்கள் 33 முதல் 36 வரை மட்டும்தான். 37-ல் தொடர்பு போய்விட்டது, அதற்குப் பின்னால் பல்லும் இல்லை. மென்பொருள் முன்பகுதியை வைத்துப் பொருத்திவிட்டு பின்பகுதியை நீட்டித்துக் கணக்கிடுகிறது. முன்னால் நேரும் சின்னச் சாய்வு பின்னால் பெரிதாகும். 36-க்குத் தெரியாத குறை 37-ல் தெரிவதற்கு இது போதுமான காரணம். இதோடு மரத்த வாயில் நோயாளி கடிப்பது வேறு இடத்தில், டிஸ்டலில் செருகின கார்டு நுனியோ பஞ்சோ இடையில் சிக்கினால் இன்னும் வேறு.

மரப்பதற்கு முன்பே, 37 தன் இயல்பான உயரத்தில் இருக்கும்போதே பைட் எடுப்பதுதான் தீர்வு. பழைய பல் உடைந்தோ தேய்ந்தோ தொடர்பே இல்லாமல் இருந்தால் அது உதவாது. அப்போது எதிர்ப்பக்கப் பைட்டையும் சேர்த்து முழு வரிசையாக எடுக்க வேண்டும். பைட் எடுக்கும்போது ஸ்கேனர் நுனியைக் கன்னத்துக்குள் பலமாகத் தள்ளாதீர்கள், தாடை ஒதுங்கும். எடுத்த பிறகு திரையில் வரும் கலர் வரைபடத்தை வாயோடு ஒப்பிடுங்கள். 8 மைக்ரான் ஷிம்ஸ்டாக் (கடியைச் சோதிக்கும் மெல்லிய தாள்) வாயில் 35, 36-ல் பிடித்து நிற்கிறது, திரையில் அங்கே இடைவெளி காட்டுகிறது என்றால் அந்தப் பைட்டை அழித்துவிட்டுத் திரும்ப எடுங்கள். மென்பொருளில் தொடர்பைத் தானாகச் சரிசெய்யும் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் வரைபடம் அழகாகிவிடும், தாடை எங்கே இருக்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

தற்காலிக கிரவுனையும் விடாதீர்கள். அதற்கு மீசியல் காண்டாக்ட் இல்லை, அல்லது பைட்டில் தாழ்வாக இருக்கிறது என்றால், அந்த ஒரு வாரத்தில் 37 முன்னால் நகரும், எதிர்ப்பல் இறங்கும். ஸ்கேன், டிசைன், மில்லிங் மூன்றும் துல்லியமாக இருந்தும் காண்டாக்ட் இறுகி, பைட் உயர்ந்து வரும். இதை ஊகிக்க வேண்டியதில்லை. கிரவுன் பொருத்தும் நாளில் தற்காலிகத்தை எடுத்ததும் இன்னொரு ஸ்கேன் எடுத்து, முதல் ஸ்கேனின் மேல் 33 முதல் 36 வரை பொருத்திப் பாருங்கள். 37 நகர்ந்திருந்தால் கலரிலேயே தெரியும். நகரவில்லை என்றால் தற்காலிகத்தின் மேல் பழி போட வேண்டாம்.

மார்ஜின்_லைன்:

நல்ல யோசனை. அதே ஸ்கேனரால் கிரவுனின் உள்பக்கத்தையும் ஸ்கேன் செய்து பிரெப் கோப்போடு ஒப்பிடலாம். உள்பக்கம் பிரெப் கோப்போடு கச்சிதமாகப் பொருந்தி, வாயில் மட்டும் பொருந்தாவிட்டால் ஸ்கேன் தவறு. கோப்போடே பொருந்தாவிட்டால் டிசைன் அல்லது மில்லிங். ஜிர்கோனியா பளபளப்பதால் மெல்லிசாக ஸ்கேன் ஸ்ப்ரே அடிக்க வேண்டியிருக்கும். 1985-ல் சூரிச்சில் செரெக் (வாயை ஸ்கேன் செய்து அங்கேயே வெட்டும் கருவி) தொடங்கிய காலத்தில் வாய்க்குள்ளேயே வெள்ளைப் பொடி தூவித்தான் எடுத்தார்கள். இன்றைய கருவிகளுக்கு வாயில் அது தேவையில்லை என்றாலும், உலோகக் கோர், பளபளக்கும் அமால்கம் இருந்தால் ஓரங்கள் சிதறித் தெரியும்.

இந்த ஒப்பீட்டில் 20, 30 மைக்ரான் வித்தியாசத்தை வைத்து லேபோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஸ்கேனரின் பிழையே அந்த அளவில்தான். மார்ஜின் இடைவெளிக்கு 120 மைக்ரான் என்று 1971-ல் ஆய்வாளர்கள் மெக்லீனும் ஃபான் ஃபிரான்ஹோஃபரும் சொன்ன எல்லையைத்தான் இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதைத் தாண்டும் வித்தியாசத்தைத் தேடுங்கள்.

புட்டி_கட்சி:

எல்லாரும் ஸ்கேனரைத் திருத்தவே வழி சொல்கிறீர்கள். புட்டி தேவைப்படும் இடங்களையும் சொல்லிவிடுவோம். மார்ஜின் 1 மி.மீ.க்கு மேல் ஈறுக்குக் கீழே, சுற்றிலும் கசியும் ரத்தம்: ஸ்கேனரோடு மல்லுக்கட்டாதீர்கள். 8, 10 மி.மீ. போஸ்ட் குழி (பல் வேருக்குள் தண்டு வைக்கும் குழி): வெளிச்சம் அடிவரை போகாது, ரெசின் பேட்டர்ன் (குழியின் ரெசின் வார்ப்பு) எடுத்து அதை ஸ்கேன் செய்யுங்கள். பல்லே இல்லாத தாடையில் அசையும் ஈறு: ஒட்டவைக்க அடையாளமே இல்லாமல் கோப்பு தடுமாறும். வாய் இரண்டு விரல் கூடத் திறக்காத நோயாளிக்கு 37 என்றால் எந்த நுனியும் பின்னால் போகாது.

சிலிக்கான் எடுத்து, அந்த இம்ப்ரெஷனையே லேபின் மேசை ஸ்கேனரில் வைத்து எடுத்தால் மிச்சம் எல்லாம் டிஜிட்டலாகவே போகும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

முழு வரிசை இம்பிளான்ட் பாலத்துக்கு யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். ஸ்கேனர் சின்னச் சின்னப் படங்களை ஒன்றோடொன்று ஒட்டித்தான் வரிசையை உருவாக்குகிறது. ஒவ்வொரு ஒட்டிலும் சேரும் பிழை, ஒரு பக்கக் கடவாயிலிருந்து மறுபக்கம் போகும்போது 100 மைக்ரானைத் தாண்டலாம். இயற்கைப் பல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், எலும்போடு இறுகின இம்பிளான்ட் விட்டுக்கொடுக்காது. ஸ்கேன் பாடி (இம்பிளான்ட் இருக்கும் இடத்தை ஸ்கேனருக்குக் காட்டும் துண்டு) முழுக்க இறங்கியதை எக்ஸ்ரேயில் பாருங்கள், லேப் லைப்ரரியில் அதே மாடல்தானா என்று கேளுங்கள், வெரிஃபிகேஷன் ஜிக் (இம்பிளான்ட் நிலைகளை வாயில் சரிபார்க்கும் சட்டம்) இல்லாமல் கடைசி வேலைக்குப் போகாதீர்கள்.

மோலார்47:

நன்றி. பழைய கோப்புகளில் கலரை அணைத்துப் பார்த்ததில் டிஸ்டோ-லிங்குவலில் நீளமான முக்கோணங்கள் இருக்கின்றன, மற்ற ஓரங்களில் இல்லை. மீசியல் பக்கமும் 36-க்கும் பிரெப்புக்கும் நடுவே அதே மாதிரி. இரண்டு கேள்வி. மீசியலில் எவ்வளவு இடம் விட வேண்டும்? காலிபரேஷன், அறை வெளிச்சம் இதற்குச் சம்பந்தம் உண்டா?

மார்ஜின்_லைன்:

மீசியல்தான் உங்கள் காண்டாக்ட் இறுக்கத்துக்குப் பதில். 36-ன் டிஸ்டல் முகம் அரைகுறையாகப் பதிந்து, மென்பொருள் அதை நிரப்பும்போது உண்மைப் பரப்பைவிட உள்ளே போட்டுவிட்டால், கிரவுன் அந்த அளவுக்குப் புடைத்து வரும். மார்ஜின் மட்டத்தில் பக்கத்துப் பல்லிலிருந்து 1 மி.மீ. இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். அரை மி.மீ. மட்டும் இருந்தால் எதிரெதிர்ச் சுவர் இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும். ஸ்கேன் செய்யும்போது மேலிருந்து நேராக மட்டும் பார்க்காமல், பக்கல் (கன்னப் பக்கம்), லிங்குவல் இரண்டிலிருந்தும் 45 டிகிரி அளவில் சாய்த்து அந்த இடுக்கை நோக்கி வாருங்கள். வேகமாக ஆட்டினால் தடம் விட்டுப்போகும்.

காலிபரேஷன் உங்கள் குறைக்குக் காரணமாக இருந்தால் 46-ம் கெட்டிருக்கும். ஆனாலும் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் செய்துவிடுங்கள். கருவியை வேறு அறைக்கோ கிளைக்கோ தூக்கிப் போனால் போன இடத்திலும் ஒருமுறை. நாற்காலி விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள், அந்த வெளிச்சம் நேராக பல்லில் விழுந்தால் தகவலில் இரைச்சல் கூடும். நுனியிலுள்ள கண்ணாடியையும் பாருங்கள். ஆட்டோகிளேவ் சுழற்சிக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் கண்ணாடி மங்கும், கீறல் விழும்.

கேட்கேம்_பெஞ்ச்:

ஸ்கேன்ல 37-க்குப் பின்னாடி ஈறும் 3, 4 மி.மீ. வரணும் டாக்டர், நிறைய கோப்பு டிஸ்டல் மார்ஜின்லயே வெட்டுப்பட்டு வருது. அப்படி வந்தா கிரவுனோட டிஸ்டல் வளைவை எவ்வளவு வெளிய தள்ளலாம்னு எங்களுக்குத் தெரியாது. அடுத்த 37 அனுப்பும்போது முன்ஸ்கேன், பிரெப், பைட் மூணையும் தனித்தனி கோப்பா, நீங்க வரைஞ்ச மார்ஜின் கோட்டோட அனுப்பச் சொல்லுங்க. முன்ஸ்கேன் இருந்தா பழைய பல்லோட உயரத்தையும் வடிவத்தையும் அப்படியே எடுத்து வெச்சு டிசைன் பண்ணலாம், பைட் திருத்தம் அதுலயே பாதி குறையும்.